ருக்குமணி பார்க்கிங் காத்த போர்

“மான போலே லா அக்கா! அது எப்படி முடியும்? பார்க்கிங்னா காடிய விட்டுத்தான் புடிக்கணும். ஆள விட்டா புடிப்பாங்க?”

“ஆளும் காடியும் ஒண்ணுதான். பின்னால எங்க வீட்டுக்காரரு வந்துகிட்டு இருக்காரு. இதோ, அந்த வளைவுல.”

“நீங்க சொல்ற வளைவு ரெண்டு மணி நேரம் தள்ளி ஈப்போ பக்கம் போல.”

“பாத்துப் பேசுங்கண்ணே. நான் நவுரப் போறதில்ல.”

“நீங்க நவுரல, நானும் நவுரல.”

“நில்லுங்க. உங்க பெட்ரோலு, உங்க இஷ்டம்.”

வாழ்க அவள்! வெள்ளைக் கோடுகள் இரண்டினிடையே வேரோடிய மரமென நின்றவள், ஊதாநிறக் குடையைக் கொடியாகவும் ரப்பர் செருப்பைத் தேராகவும் கொண்டவள், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் ஆறாம் தளத்து அரசி, மருத்துவமனைத் தரைகளை முகம் பார்க்கும் கண்ணாடியெனத் துலக்கும் துடைப்பப் படைக்குத் தலைவி, முனுசாமியின் இல்லாள், ருக்குமணி என்னும் பெயருடையாள் வாழ்க! அவள் காத்த ஒற்றை நிறுத்துமிடமும் வாழ்க! அதைக் கவர வந்த பகைவரும், அவருடைய வண்டியும், வண்டியின் ஓயாத ஹாரனும்கூட வாழ்க. பகைவர் இல்லையென்றால் பாட என்ன இருக்கிறது?

சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் முக்கண் கொண்ட சந்திப்பு விளக்கே, என் சொல்லுக்கு வழிவிடு. உன் பச்சைக்கண் முழுதாய்த் திறக்குமுன்பே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் பாவிகளைப் பொறுத்தருள். உள்ளே புகுந்தவனை ஊரெல்லாம் சுற்றிக் காட்டிய பின்பே வெளியே விடும் ஒருவழிச் சாலைச் சுழலே, உன்னையும் வணங்குகிறேன். கடல்மேல் படுத்துக்கிடந்து காலையில் ஊரை விழுங்கி மாலையில் கக்கும் பாலமே, நீ மட்டும் கொஞ்சம் வேகமாய்க் கக்கு.

போருக்குக் காரணம் இது. மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் போவதற்கென்று எந்தக் காலத்திலோ போட்ட தெருக்களில், இன்று வீட்டுக்கு இரண்டு காரும் பிள்ளைக்கு ஒரு மோட்டாரும் என்று ஜார்ஜ் டவுன் மாநகரம் மூச்சு முட்டி நிற்கிறது. சாலையை விரிக்கப் பணம் வேண்டும். பேருந்து விடப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் வரி வேண்டும். வரி என்ற சொல் காதில் விழுந்ததும், அதுவரை அடுத்த வீட்டாரோடு பேசாதவர்கள்கூட கோப்பிக் கடையில் மேசை மாறி உட்கார்ந்து பேசினார்கள். ஆகவே அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில், ‘வட்டாரச் சாலை, போக்குவரத்து மக்கள் கலந்தாய்வு’ என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டி, சமூக மண்டபமொன்றில் சபை கூட்டினார்கள்.

சபையின் முன் இரண்டே வழிகள் வைக்கப்பட்டன. ‘சுக்காய் பிந்து’ என்று ஊரார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் வீட்டு வரியை ஏற்றுவது. அப்படி ஏற்றினால் சாலையும் விரியும், பேருந்தும் இப்போது ஓடுகிறபடியே ஓடும். அல்லது வரியைத் தொடாமல் விடுவது. அப்படி விட்டால் இருக்கிற பணத்தில் சாலையை மட்டும் விரித்துவிட்டு, ஆளில்லாமல் ஓடுவதாகச் சொல்லப்படும் இரவுநேரப் பேருந்துகளை நிறுத்திவிடுவது.

அந்த இரவுப் பேருந்துகளில் ஒன்றில்தான் ருக்குமணி நாள்தோறும் வீடு திரும்புகிறாள். மத்தியான ஷிப்ட் முடிந்து, கையுறை கழற்றி, கால்வலித் தைலம் தடவி, நகரத்தின் கடைசிப் பேருந்தில் கடைசிக்கு முந்திய வரிசையில் சாளரத்தோரம் அவள் அமர்ந்தால், அது பேருந்தல்ல, பட்டத்து யானை. அது நின்றுபோனால் மத்தியான ஷிப்ட் இல்லை. காலை ஷிப்டில் இடமில்லை. ஆகவே வேலையே இல்லை. முனுசாமியோ விடியுமுன் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர். இரவில் அவரை எழுப்பிக் காரோட்டச் சொன்னால் அடுத்த நாள் ரொட்டி மாவோடு அவரையும் சேர்த்துப் பிசைந்துவிடுவார்கள்.

“வரிய கொஞ்சம் ஏத்துறதுன்னா ஏத்துங்க. மூஞ்ச சுளிச்சுக்கிட்டாவது கட்டிடறோம். கடைசி பஸ்ஸ மட்டும் எடுத்துடாதீங்க.” ஒலிவாங்கியைப் பிடித்து இதைச் சொல்லிவிடுவதென்று அவள் உறுதி பூண்டாள். வாரம் முழுவதும் கொதிக்கும் அரிசிப் பானையின் முன்னே நின்று ஒத்திகை பார்த்தாள். பானை ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

பேருந்தைக் காக்கும் போருக்கு அவள் காரில் வந்தாளே என்று எண்ணி நகைக்க வேண்டாம். அதற்கும் அவளிடம் விடை இருந்தது. “சனிக்கெழம பஸ்ஸுக்கு நின்னிருந்தா, கூட்டம் முடிஞ்சு கதவப் பூட்டுற நேரத்துக்குத்தான் வந்திருப்பேன். அதுக்குத்தானே இந்த சண்டையே!”

ஆக, முனுசாமியின் பழைய ‘கஞ்சில்’ குட்டிக் கார், புகையே புரவியாக, கிறீச்சொலியே முரசாக, மண்டபத்துத் தெருவில் நுழைந்தது. எள் போட்டால் எண்ணெயாகுமளவு நெருக்கி நின்றன வண்டிகள். அவற்றினிடையே, பாலைவனத்துச் சுனைபோல், ஓர் இடம் வெறுமையாய்க் கிடந்தது! ஆனால் அந்தோ, முனுசாமியின் கண் அதைக் கண்டபோது அவருடைய கார் அதைத் தாண்டிவிட்டிருந்தது. தெருவோ ஒருவழி. பின்னே வரிசையாய் ஹாரன்கள். பின்வாங்க வழியில்லாத அக்கணத்தில், இத்தீவில் தலைமுறை தலைமுறையாய் வழங்கிவரும் போர்முறை அவர் நினைவுக்கு வந்தது. வண்டி சுற்றி வருவதற்குள் வண்டிக்குரிய ஆளை முன்னே இறக்கி இடத்தில் நட்டு வைப்பதே அது.

“எறங்கு! புடி! நான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடறேன்!” என்று முழங்கினார் முனுசாமி.

ஓடும் காரிலிருந்து, சரி, ஊர்ந்துகொண்டிருந்த காரிலிருந்து, பெண் சிங்கமெனப் பாய்ந்தாள் ருக்குமணி. இடத்தின் நட்டநடுவே கால் ஊன்றினாள். குடையைத் தரையில் குத்தினாள். பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தாள். மண்ணுக்கு உரிமை கொண்டாட மன்னர் செய்வனவற்றில் அவள் செய்யாது விட்டது பட்டயம் எழுதியது ஒன்றுதான்.

அப்போது தெருமுனையில் இடியொலி எழுந்தது.

வந்தவர் முகம்மது கனி. பழைய கார்களைப் புதிய கார்களைப்போல் மின்னவைத்து விற்பதில் ஜுரு வட்டாரமே வியக்கும் வணிகர். வீடு தீவில், கடை அக்கரையில். ஆகவே வாழ்நாளில் பாதியைப் பாலத்தின்மேல் நின்றபடியே கழித்தவர். அன்றும் அப்படித்தான் முன்னே நின்ற லாரியின் புட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து வந்தார். அவர் ஊர்ந்து வந்த வாகனமோ, முன்னே இருவர் அமர, பின்னே ஒரு வீட்டுச் சாமான் ஏற்றத்தக்க, மதயானை நிகர்த்த வெள்ளைப் பிக்கப் வண்டி. சபையில் சொல்ல அவரிடமும் ஒரு சொல் இருந்தது: “வரிய ஏத்தாத. ரோட்ட அகலமாக்கு.”

வெற்றிடம் கண்டார். விளக்கை மின்னவிட்டார். மூக்கைத் திருப்பினார். அங்கே ஓர் ஊதாக் குடையைக் கண்டார். குடைக்குப் பின்னே ஒரு பெண்மணியைக் கண்டார். அப்போது தொடங்கியதே, மேலே நீங்கள் கேட்ட சொற்போர்.

முதலில் ஹாரன் என்னும் சங்கம் ஊதினார் கனி. சந்திலிருந்த பூனைகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. மூன்று கடை தள்ளிச் சவரம் செய்துகொண்டிருந்தவரின் மீசை ஒருபக்கம் குறைந்தது. ருக்குமணியோ காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஷிப்டு தோறும் மருத்துவமனை அபாய மணியோசைக்கு நடுவே தேநீர் குடித்துப் பழகிய செவிகள் அவை.

அடுத்து அவர் யானையை அங்குலம் அங்குலமாய் முன்னே நகர்த்தினார். அவள் குடையை விரித்தாள். அவ்வளவே. பிற்பகல் வெயிலில் படக்கென்று விரிந்த அவ்வூதா வட்டம், பெருங்கோட்டையின் கதவு சாத்தியதுபோல் அவர் கண்முன் நிறைய, அவருடைய கால் தானாகவே பிரேக்கில் விழுந்தது. யானை குறுக்கே, ஒரு சாய்வாய், அவள் காத்த இடத்தையும் அடுத்த இடத்தையும் சேர்த்து மறித்தபடி நின்றது. அடுத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சாம்பல்நிறக் கார் சாதுவாய் நிறுத்தப்பட்டிருந்தது. அது இனி வெளியே வரமுடியாது என்பதை அந்நேரம் எவரும் எண்ணவில்லை. போர்க்களத்தில் யார் அதையெல்லாம் எண்ணுவார்?

ருக்குமணியின் கைப்பேசி ஒலித்தது. உள்ளேயிருந்து ஜெயலெட்சுமியின் குரல் வந்தது. ஆறாம் தளத்தின் எதிர்வீட்டுக்காரி, முன்கூட்டியே வந்து சபையில் அமர்ந்தவள், போர்க்களத்துக்கும் அரண்மனைக்கும் இடையே தூது நடத்தியவள்.

“அக்கா எங்க இருக்கீங்க? பேச்செல்லாம் முடிஞ்சி கேள்வி கேக்கற நேரம் வந்திருச்சி. மைக் சும்மா கெடக்கு.”

“இங்கதான்டி, வாசல்ல. பார்க்கிங் புடிச்சிகிட்டு நிக்கறேன். நீ எந்திரிச்சி நம்ம பஸ் விஷயத்த சொல்லிடேன்.”

“ஐயோ நானா? மைக்க பாத்தாலே எனக்கு பேரு மறந்துடும்க்கா. நீங்க வாங்க சீக்கிரம். டீக்கு வச்ச கரிபாப் வேற தீரப்போகுது.”

ருக்குமணி மண்டப வாசலைப் பார்த்தாள். வாசல் அருகில்தான் இருந்தது. நடந்தால் எட்டிவிடலாம். ஆனால் நடந்தால் இடம் போகும். இடம் போனால் முனுசாமி இன்னும் எத்தனை சுற்று சுற்றுவார்? அவள் உடனே கணவரை அழைத்தாள்.

“எங்கங்க இருக்கீங்க?”

“கர்னி பக்கம் வந்துட்டேன்மா.”

“கர்னியா! நான் இங்க நிக்கறேன், நீங்க கடலப் பாக்கப் போயிட்டீங்களா?”

“லெஃப்ட்ல போகவிடல, ரைட்ல போகவிடல. ரோடு தள்ளிகிட்டே போவுது. நீ எடத்த விட்டுடாத! வந்துட்டேன்!”

அவள் ஆழ்ந்த மூச்சு விட்டாள். கனி தலையை வெளியே நீட்டி, தேன் தடவிய குரலில் சொன்னார்: “அக்கா, நீங்க உள்ள போயி பேசுங்க. எடத்த நான் பாத்துக்கறேன்.”

“நீங்க எப்படிப் பாத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். காடிய விட்டுப் பாத்துக்குவீங்க.”

“சரி, போனா போகுதுன்னு விடுங்களேன். ஒரு பார்க்கிங்குதானே!”

“ஒரு பார்க்கிங்கா? இந்த எடமும் போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு வெறுத்துப்போயி வீட்டுக்கே போயிடுவாரு. அப்புறம் நான் எந்த பஸ்ஸுல வீட்டுக்குப் போறதாம்?”

பஸ் என்ற சொல் போர்க்களத்தில் விழுந்ததும் போரின் தன்மையே மாறியது. அதுவரை நிலத்துக்காக நிகழ்ந்தது, இனி கொள்கைக்காக நிகழலாயிற்று. மண்டபத்துக்குள் மலர்ந்திருக்க வேண்டிய வாதம், ஒலிவாங்கியும் குளிரூட்டியும் இல்லாமல், சுடுதாரின்மேல் மலர்ந்தது.

“பஸ்ஸுக்குப் பேச வந்தீங்களா? ஓ, அந்த கட்சியா! அக்கா, ஆளே இல்லாம ஓடுற பஸ்ஸுக்கு நான் எதுக்கு சுக்காய் பிந்து ஏத்திக் கட்டணும்?”

“ஆளே இல்லையா? நான் ஆளு இல்லையா?”

“நீங்க ஒரு ஆளு.”

“எனக்குப் பின்னால தூங்கிகிட்டு வர்ற செக்யூரிட்டி மாமா ஒரு ஆளு. கடைய மூடிட்டு வர்ற பொண்ணுங்க ரெண்டு ஆளு. டிரைவரு ஒரு ஆளு.”

“டிரைவர சேக்கக் கூடாது லா!”

“அவரும் வீட்டுக்குத்தானே போறாரு?”

ஆயினும் கனி வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர். “ரோட்ட அகலமாக்கிட்டா ஜேம் இருக்காது. ஜேம் இல்லாட்டி பஸ்ஸும் வேணாம். எல்லாரும் சொந்த காடியில போகலாம்.”

“ரோட்ட அகலமாக்கினா இன்னும் நாலு காடி வரும். அந்த நாலயும் விக்கறது யாரு? நீங்க!”

“நல்லதுதானே!” என்றார் கனி, உள்ளத்திலிருந்து.

அந்த நேர்மையைக் கண்டு ருக்குமணிக்கே சிரிப்பு வந்தது. ஆனால் போர்க்களத்தில் சிரிப்பது மரபன்று என்பதால் குடைக்குள் முகம் மறைத்துச் சிரித்தாள். அவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தார். பிறகு இருவரும் முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டு போரைத் தொடர்ந்தனர்.

வெயில் நகர்ந்தது. நிழல் நகர்ந்தது. பூனைகள் திரும்பி வந்தன. போர் மட்டும் நகரவில்லை. கடலும் கரையும் எதிரெதிர் நின்றதுபோல், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நின்றதுபோல், ஒரே தட்டின் கடைசி வடைக்கு இரு கைகள் ஒருங்கே நீண்டு ஒருங்கே நின்றதுபோல், இருவரும் நின்றனர்.

அப்போதுதான் கைப்பேசி மீண்டும் ஒலித்தது. இம்முறை ஜெயலெட்சுமியின் குரல் தாழ்ந்திருந்தது.

“அக்கா, முடிச்சிட்டாங்க. ‘வேற யாராச்சும் பேசறீங்களா’ன்னு கேட்டாங்க. யாரும் கை தூக்கல. பஸ் நேரத்தக் கொறைக்கறதுல பொதுமக்களுக்கு ஆட்சேபம் இல்லன்னு எழுதிக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க.”

கேட்டாள் ருக்குமணி. குடை சரிந்தது. வாரமெல்லாம் அரிசிப் பானையின் முன் ஒத்திகை பார்த்த சொற்கள் தொண்டைக்குள் கூட்டமாய் வந்து, வெளியே இடமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. இனி அந்த இரவுப் பேருந்து வராது. பணிமேலாளரிடம் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஒரு நிறுத்துமிடத்தைக் காத்தவள் தன் பேருந்து இருக்கையைக் கோட்டைவிட்டாள்.

“என்னக்கா?” என்றார் கனி. அவர் குரலில் பேரம் இல்லை.

“முடிஞ்சிருச்சாம். ஆட்சேபம் இல்லன்னு எழுதிட்டாங்களாம்.”

“என்னக் கேக்காமலேயா? நான் இங்க உயிரோட இருக்கறப்பவா?” என்று அதிர்ந்தார் கனி. “அப்ப என் ரோடு?”

“ரோட்டப் பத்தி யாரும் பேசலன்னு அத எழுதவே இல்ல போல.”

பகைவர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை; இருவர் தேருக்கும் ஒருங்கே அச்சு முறிந்தது.

அவ்வேளை மண்டபத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. கழுத்தில் அட்டை தொங்க, கையில் மடிக்கணினி குலுங்க, கால்கள் ஓட்டமும் நடையுமாய் ஓர் இளைய அதிகாரி வந்தார். ஹரீஷ் என்பது பெயர். மக்கள் சொன்ன கருத்தையெல்லாம் அறிக்கையாய் எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது. நேரே சாம்பல்நிறக் காரை நோக்கி வந்தார். கதவைத் திறந்தார். பின்னே பார்த்தார். அங்கே ஒரு வெள்ளை யானை நின்றது.

“அண்ணே, கொஞ்சம் காடிய எடுக்கறீங்களா? அவசரமா போகணும். மகள டியூஷன்லேர்ந்து ஏத்தணும், அவ அம்மா போன் மேல போன் போடுறா.”

“எடுக்கலாம் தம்பி. எங்க எடுக்கறது? முன்னால பூரா ஜேம். இந்த எடத்துலதான் நொழையணும்” என்று கனி ருக்குமணி நின்ற இடத்தைக் காட்டினார்.

ஹரீஷ் அவள்பக்கம் திரும்பினார். “அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்குங்களேன்.”

ஆஹா, அந்தக் கணம்! ஹரீஷ் போகவேண்டுமானால் கனி நகரவேண்டும். கனி நகரவேண்டுமானால் ருக்குமணி நகரவேண்டும். மாநிலத்தின் சாலை, பேருந்து, வரி, செலவு ஆகிய அனைத்தையும் எழுதும் கை, இதோ, அவளுடைய இரண்டு ரப்பர் செருப்புகளுக்குப் பின்னே சிறைப்பட்டுக் கிடக்கிறது! கீழே சரிந்திருந்த குடை மெல்ல நிமிர்ந்தது.

“தம்பி, நீங்கதானே உள்ள எழுதினது? ஆட்சேபம் இல்லன்னு?”

“ஆமாக்கா. ஏன்?”

“எனக்கு ஆட்சேபம் இருக்கு.”

“கூட்டம் முடிஞ்சிருச்சேக்கா.”

“உங்க கூட்டம் முடிஞ்சிருச்சி. எங்களது இப்பத்தான் ஆரம்பிக்குது” என்றாள் ருக்குமணி.

ஹரீஷ் உதவி தேடிக் கனியைப் பார்த்தார். கனியோ சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு வானத்தைப் பார்த்தபடி சொன்னார்: “சாவி எங்க வச்சேன்னு தெரியல தம்பி. அக்கா பேசி முடிக்கறதுக்குள்ள கெடைச்சிடும்னு நெனைக்கறேன்.”

பகைவர் தோழரானார்! வரலாறு இதுபோன்ற கூட்டணிகளைக் கண்டதுண்டு. ஆனால் இவ்வளவு வியர்வையோடு கண்டதில்லை.

ருக்குமணி பேசினாள். அரிசிப் பானைக்குச் சொன்னதையெல்லாம் ஹரீஷுக்குச் சொன்னாள். ஒலிவாங்கி இல்லை, மேடை இல்லை. முன்பாதி நன்றாகவே வந்தது, பின்பாதி கொஞ்சம் குழம்பியது, நடுவில் ஒருமுறை அழுகை எட்டிப்பார்த்துப் போனது. “வரி கட்டறோம்ன்னுதானே சொல்றேன் தம்பி. சும்மா குடுன்னு கேக்கலியே. அந்த பஸ்ஸு நின்னா எனக்கு வேலையில்ல. அவ்வளவுதான். அத ஆள் இல்லாத பஸ்ஸுன்னு எழுதாதீங்க. நாங்க இருக்கோம் அதுல.”

“அப்படியே என் ரோடும்” என்று நடுவே புகுந்தார் கனி. “வரிய மட்டும் ஏத்தாதீங்க.”

“அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?” என்று திகைத்தார் ஹரீஷ்.

“சாவி கெடைக்கற வரைக்கும் அக்கா பக்கம்.”

ஹரீஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பேசி அவர் பைக்குள் சினந்து துடித்தது. ருக்குமணிக்கு மனம் இரங்கியது. அவளும் ஒரு தாய்தானே.

“பாவம், பிள்ள காத்துகிட்டு இருக்கும். காடிய விட்டுட்டு பஸ்ஸுல போயி கூட்டிகிட்டு வந்துடுங்களேன் தம்பி.”

“அந்த தாமான் குடியிருப்புக்கு பஸ் போகாதுக்கா” என்றார் ஹரீஷ்.

சொல்லிவிட்டு அவரே நின்றார். ஹாரன்கள் ஓய்ந்தன, பூனைகள் செவி நிமிர்த்தின, கனி சட்டைப் பையைத் தடவுவதை நிறுத்தினார். எய்தவன் மேலேயே திரும்பி வந்து பாய்ந்த அம்புபோல் அச்சொல் அதிகாரியின் நெஞ்சில் தைத்து நின்று ஆடியது.

“மொதல்ல அத எழுதுங்க” என்றாள் ருக்குமணி, மெல்லிய குரலில்.

ஹரீஷ் மடிக்கணினியைக் காரின் மேல் வைத்துத் திறந்தார். மூடினார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு அதிகாரிபோலல்லாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் பேசினார். “அக்கா, உண்மையச் சொல்றேன். பார்க்கிங்ல ஒரு அக்கா சொன்னாங்கன்னு எழுதினா மேல எடுபடாது. கருத்து அனுப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு. அந்த பஸ்ஸுல ஏறுறவங்க நெறைய பேரு, எந்த ஸ்டாப்புல ஏறுறாங்கன்னு பேரோட எழுதிக் குடுத்தா, ஆட்சேபம் இல்லங்கறத நானே எடுத்துடறேன். கண்டிப்பா சேக்கறேன்.”

“நெசமாவா?”

“என் மக மேல சத்தியமா. அவள ஏத்தப் போகவிட்டீங்கன்னா.”

அவ்வேளை பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. அடைபட்ட தெருவில், யானையின் வாலுக்குப் பின்னே, இலவச நகரப் பேருந்து ஒன்று வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளிருந்த குளிர்காற்று தெருவில் இறங்கியது. அதன் பின்னே, தலை கலையாமல், சட்டை நனையாமல், கையில் உறிஞ்சி செருகிக் கட்டிக்கொடுத்த கோப்பிப் பையைக் கயிற்றோடு தொங்கவிட்டபடி, சிரித்த முகத்தோடு ஒருவர் இறங்கினார்.

முனுசாமி!

“காடி எங்க?” என்றாள் ருக்குமணி.

“கொம்தார் பார்க்கிங் மாடியில போட்டுட்டேன்மா. சுத்திச் சுத்தி தலையே சுத்திருச்சி. அப்புறம் இந்த பஸ்ஸு வந்துச்சி, ஏறிட்டேன். சில்லுன்னு இருந்துச்சி தெரியுமா, நேரா வாசல்லயே கொண்டாந்து விட்டுட்டான். நல்ல பஸ்ஸு!”

“அப்ப நான் இவ்வளவு நேரம் யாருக்குங்க நின்னேன்?”

முனுசாமி கோப்பிப் பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். உறிஞ்சியைக் கடித்தபடி, இரண்டு வெள்ளைக் கோடுகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குடையை மடக்கி, அரியணை விட்டிறங்கும் அரசியின் நடையில் ஓரமாய் வந்து நின்று, கையை நீட்டி வழிகாட்டினாள்.

“வாங்கண்ணே. போடுங்க உங்க காடிய.”

கனியின் சாவி உடனே கிடைத்தது. வெள்ளை யானை முன்னும் பின்னுமாய் அசைந்து, ருக்குமணி “இன்னும் வாங்க, இன்னும், இன்னும், நில்லுங்க” என்று கைகாட்ட, கோடு பிசகாமல் வந்து அமர்ந்தது. கூட்டம் முடிந்துவிட்டதும், இனி அங்கே நிறுத்திப் பயனில்லை என்பதும் கனிக்குத் தெரியும். ஆயினும் இறங்கினார். கதவைப் பூட்டினார். வண்டியை ஒருமுறை வலம் வந்து நான்கு சக்கரமும் கோட்டுக்குள் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். பிறகு கதவைத் திறந்து, “ஏறுங்க, கொம்தார் வரைக்கும் விட்டுடறேன்” என்றார். சாம்பல்நிறக் கார் அம்பெனப் பறந்து, அடுத்த சந்திப்பில் ஜேமில் நின்றது. தெரு திறந்தது, பேருந்து நகர்ந்தது, பூனைகள் உறங்கின.

இவ்வாறாக, குடைக்கொடி உயர்த்திக் கோட்டையைக் காத்து, கோட்டையைக் கொடுத்து வாக்கைப் பெற்ற வீராங்கனையாம் ருக்குமணி, யானையின் முன்னிருக்கையில் கணவரோடு நெருக்கியடித்து அமர்ந்து, வெள்ளிக்கிழமைக்குள் திரண்டாக வேண்டிய பெரும்படையை, காவல் முடித்துத் தூங்கி வழியும் மாமாக்களையும், கடை மூடிக் கால் கடுக்க நிற்கும் பெண்களையும், உணவகத்தில் தட்டுக் கழுவி விரல் சுருங்கிய வீரர்களையும், ஆளில்லாத பேருந்தில் நாள்தோறும் அமர்ந்து வரும் அத்தனை ஆட்களையும் மனக்கண்ணில் நிறுத்தி, அவர்களை எல்லாம் அழைக்க முரசறையும் பொறுப்பை ஜெயலெட்சுமி வழியாக நம் அடுக்குமாடிக் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பியிருப்பதால், இடியென முழங்கி, திசையெட்டும் அதிர, இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்,

ராத்திரி ஆயர் ஈத்தாம் கடைசி பஸ்ல ஏறுறவங்க, உங்க பேரும் எந்த ஸ்டாப்புன்னும் வெள்ளிக்கெழமைக்குள்ள கீழ எழுதிப் போடுங்க.